சுவர் வந்தது, சித்திரம் வந்ததா?

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுதவேண்டும் என்பது தமிழர் வழங்கும் பழமொழி. உடல்நலம் பேணப்பட்டாலன்றி வேறு எதுவும் கைகூடாது என்னும் கருத்தில் அது பெரும்பாலும் ஆளப்படுகிறது. ஆயின் அதன் நேர்ப்பொருளையே எடுத்துக்கொண்டு சிங்கப்பூர் வரலாற்றின் ஒரு பகுதியை ஆராய இடமுண்டு. 1964-ஆம் ஆண்டில் குவீன்ஸ்டவுன் வட்டாரத்தில் எளிய வருவாயுடைய குடும்பங்கள் தமக்கென ஒரு வீட்டை, அதாவது தமக்கென நான்கு சுவர்களை, முதன்முறையாகப் பெற்றன. சுவர் வந்துவிட்டது. அச்சுவரில் மாட்டுவதற்கு, வாழும் ஓவியன் ஒருவன் தன் கையால் ஆக்கிய மூலப்படம் அக்குடும்பங்களுக்குக் கிட்டியதா? கிட்டவில்லையெனில் தடுத்தது யாது? விலையா, வழியா, விழியா? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மன்னன் மாடமும் மக்கள் மண்டபமும்

ஓவியத்தைத் தனக்குரியதாக்கிக் கொள்வது பண்டைக் காலத்தில் வேந்தர்க்கும் செல்வர்க்குமே இயன்ற செயலாகும். பாண்டியன் சித்திரமாடத்துத் துஞ்சிய நன்மாறன் என்னும் மன்னனின் பெயர் சங்க இலக்கியம் பயில்வோர் அனைவரும் அறிந்தது. சித்திரங்கள் தீட்டப்பெற்ற மாடம் ஒன்றில் அவன் உயிர் நீத்தான் என்பது அப்பெயரால் விளங்குகிறது. அம்மாடம் அரசனுக்கு உரியது. குடிமக்கள் விரும்பியபோதெல்லாம் நுழைந்து காணும் இடம் அன்று.

இதற்கு மாறான காட்சியொன்றைப் பரிபாடலின் பத்தொன்பதாம் பாடல் காட்டுகிறது. திருப்பரங்குன்றத்துக்கு வழிபடச் சென்ற மக்கள் அங்குள்ள மண்டபத்தில் தீட்டப்பட்டிருந்த ஓவியங்களைக் கண்டு நிற்கின்றனர். காமனும் இரதியும் ஓரிடத்தில். பூனை வடிவெடுத்த இந்திரனும் அகலிகையும் கவுதமனும் மற்றோரிடத்தில். இவர் யார் என ஒருவர் வினவ, மற்றவர் விடையிறுக்கின்றார். ஓவியத்தின் முன்னே கேட்பவரும் சொல்பவரும் கூடி நிற்கும் இக்காட்சி தமிழர் கலை வரலாற்றில் பெரிதும் போற்றத்தக்கது. படத்தைக் காணும் உரிமை மட்டுமன்று, அதனை விளங்கிக்கொள்ளும் வாய்ப்பும் பொதுமக்களுக்கு இருந்தது என்பது இதனால் புலனாகும்.

எனினும் கண்டு மகிழ்ந்த மக்கள் அவ்வோவியத்தை வீட்டுக்குக் கொண்டு செல்ல இயலவில்லை. சித்தன்னவாசல் ஓவியமும் தஞ்சைப் பெரிய கோயில் ஓவியமும் சுவரோடு ஒன்றியவை. பிற்காலத்தில் மராட்டியர் ஆட்சியில் செழித்த தஞ்சாவூர்ப் பாணிப் படங்கள் பலகையில் அமைந்து, எடுத்துச் செல்லத்தக்கனவாக இருந்தன. ஆயின் பொற்றகடும் வண்ணக் கற்களும் பதித்த அவற்றைச் செல்வர் இல்லங்களே தாங்கின. ஏழை வீட்டின் சித்திரம் வாயிலில் இட்ட கோலம் ஒன்றே. காலையில் மலர்ந்து மாலைக்குள் கலைந்துபோகும் அதனைச் சேர்த்து வைத்தல் யார்க்கும் இயலாது.

அச்சு திறந்த கதவு

இந்நிலையை மாற்றியது அச்சுப்பொறி. திருவிதாங்கூர் தந்த ஓவியர் இராஜா இரவிவர்மா (1848-1906) தம் எண்ணெய் வண்ணப் படங்களால் அரசவைகளில் புகழ் பெற்றிருந்தார். எல்லாருடைய வேட்கையையும் தம் இரு கைகளால் நிறைவேற்ற அவரால் இயலாது என்பதையும், படங்களை வண்ண அச்சில் பெருக்கினால் நாடு முழுவதும் பயன்பெறும் என்பதையும் அவருக்கு எடுத்துரைத்தவர் அறிஞர் டி. மாதவராவ் ஆவார். 1894-ஆம் ஆண்டில் பம்பாயில் இரவிவர்மாவின் அச்சகம் நிறுவப்பட்டது. வண்ணத்துக்கு ஒரு கல்லாகப் பல கற்களில் படத்தைப் பிரித்து எழுதி, ஒன்றன்மேல் ஒன்றாகத் தாளில் பதித்தனர். அரண்மனைச் சுவரில் வீற்றிருந்த இலக்குமியும் கலைமகளும் குடிசைச் சுவருக்கும் இறங்கி வந்தனர்.

தமிழ்நாட்டில் இப்பணியைத் தொடர்ந்தவர்களுள் தலையாயவர் சி. கொண்டைய ராஜு (1898-1976). சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று, நாடகக் குழுக்களுக்குத் திரைச்சீலை தீட்டி, பின்னர்க் கோவில்பட்டியில் தங்கிய அவரும் அவர்தம் மாணாக்கரும் வரைந்த தெய்வப் படங்கள் சிவகாசி அச்சகங்களின் வழியே நாட்காட்டிகளாயின. கடல் கடந்து சென்ற தமிழரின் இல்லங்களையும் அவை அடைந்தன. சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைக் கடைகள் ஆண்டுதோறும் வாடிக்கையாளருக்கு வழங்கிய நாட்காட்டிகளில் அம்முருகனும் அம்மீனாட்சியுமே காட்சியளித்தனர். ஆண்டு முடிந்ததும் தேதித் தாளைக் கிழித்துவிட்டுப் படத்தை மட்டும் சட்டமிட்டு வைத்துக்கொண்ட இல்லங்கள் பல.

இந்த அச்சுப் படங்களை இழிவாகக் கருதுதல் தகாது. வண்ணத்தையும் வடிவத்தையும் பொதுமக்களுக்கு அறிமுகம் செய்தவை அவையே. ஆயினும் இரு குறைகள் எஞ்சின. படம் நகலாக வந்ததேயன்றி, ஓவியனின் கைபட்ட தாளோ துணியோ வரவில்லை. மேலும், மக்கள் ஏற்கெனவே அறிந்த தெய்வமும் அறிந்த கதையுமே விலைபோயின. புதியது காண விழையும் இளம் ஓவியனுக்கு நாட்காட்டியில் இடம் இல்லை.

குவீன்ஸ்டவுனில் கிடைத்த சுவர்

சிங்கப்பூரின் முதல் துணைநகரம் குவீன்ஸ்டவுன். சிங்கப்பூர் மேம்பாட்டு அறநிறுவனம் 1950-களின் தொடக்கத்தில் அதனைத் திட்டமிட்டது. இரண்டாம் எலிசபெத் அரசியார் முடிசூடிய 1953-ஆம் ஆண்டில் அதற்கு அப்பெயர் சூட்டப்பட்டது. 1960-இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோன்றியபின் கட்டுமானப் பணி அதன் பொறுப்பில் விரைந்து நடந்தது. கடைவீடுகளின் இருண்ட அறைகளிலும் அத்தாப்புக் குடிசைகளிலும் வாழ்ந்தோர் அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தனர்.

தொடக்கத்தில் அவை வாடகை வீடுகளே. 1964-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் மக்களுக்கு வீட்டுரிமை வழங்கும் திட்டம் அறிவிக்கப்பட்டபோது, அதன்கீழ் முதலில் விற்பனைக்கு வந்தவை குவீன்ஸ்டவுன் வீடுகள். ஈரறை வீட்டின் விலை 4,900 வெள்ளி. மூவறை வீட்டின் விலை 6,200 வெள்ளி. உரிமைக் காலம் 99 ஆண்டுகள். 1968-இல் மத்திய சேமநிதிப் பணத்தைக் கொண்டு வீடு வாங்கலாம் என விதி தளர்த்தப்பட்டதும் திட்டம் வேகம் பெற்றது. அங்குத் தொடங்கிய வீட்டுரிமை நாளடைவில் நாடு முழுவதும் பரவி, பத்தில் ஏறத்தாழ ஒன்பது குடும்பங்கள் தாம் வாழும் வீட்டுக்குத் தாமே உரிமையாளர் என்னும் நிலையை உருவாக்கிற்று.

வாடகைச் சுவரில் ஆணி அடிக்கத் தயங்குபவன், சொந்தச் சுவரில் தயங்குவதில்லை. புத்தகத்தைப் பொறுத்தவரை அவ்வட்டாரத்தின் தேவை விரைவிலேயே உணரப்பட்டது. 1970-ஆம் ஆண்டு ஏப்ரல் 30-ஆம் நாள் சிங்கப்பூரின் முதல் முழுநேரக் கிளை நூலகம் குவீன்ஸ்டவுனில் திறக்கப்பெற்றது. நூல் வாங்கப் பணமில்லாதவனும் இரவல் பெற்றுப் படிக்கலாயினான். ஓவியத்திற்கு அத்தகைய பொது ஏற்பாடு அந்நாளில் அமையவில்லை. புதுவீட்டின் வரவேற்பறையில் தெய்வப் படமும் குடும்ப நிழற்படமும் நாட்காட்டியும் இடம்பெற்றன. நான்காவதாக ஒன்றுக்கு இடமிருந்தும் அது வெறுமையாகவே கிடந்தது.

ஓவியர் இல்லாமலா?

அந்நாளில் சிங்கப்பூரில் ஓவியர் இல்லை என்று கூறிவிட இயலாது. 1938-இல் லிம் ஹாக் தை நிறுவிய நன்யாங் நுண்கலைக் கழகம் ஆண்டுதோறும் இளம் ஓவியர்களை உருவாக்கிக் கொண்டிருந்தது. லியு காங், சென் சொங் சுவீ, சியோங் சூ பியெங், சென் வென் ஷி ஆகிய நால்வரும் 1952-இல் பாலித் தீவுக்குச் சென்று கண்ட காட்சிகளை ஓவியமாக்கி, மறு ஆண்டு கண்காட்சியாக வைத்தது இந்நாட்டுக் கலை வரலாற்றின் மைல்கல்லாகும். ஆயினும் ஓவியம் விற்றுக் கிடைத்த பணத்தைக் கொண்டே வாழ்ந்தவர் மிகச் சிலர். பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் ஆசிரியப் பணி புரிந்து, எஞ்சிய நேரத்தில் வரைந்தவரே பலர். பகலில் கரும்பலகை, இரவில் திரைச்சீலை என்பதே அவர்கள் வாழ்வு.

எளியவர் கையில் மூலப்படம் சேர்வதற்கு ஏற்ற ஒரு கலைவடிவம் அவர்களிடையே வளர்ந்தது குறிப்பிடத்தக்கது. அதுவே மரச்செதுக்கு அச்சு. ஓவியன் தானே ஒரு மரப்பலகையில் படத்தைச் செதுக்குகிறான். மையிட்டுத் தாளில் ஒற்றி எடுக்கிறான். ஒவ்வொரு தாளும் அவன் கைவழியே வருவதால் ஒவ்வொன்றும் மூலப்படமாகவே மதிக்கப்படும். இத்தனை படிகளே எடுக்கப்படும் என அவன் வரையறுத்துக் கொள்வதும், ஐம்பது படிகளில் இது ஏழாவது எனத் தாளின் ஓரத்தில் எண்ணிட்டுக் கையொப்பமிடுவதும் மரபு. நாட்காட்டிப் படத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுவே. ஒரே உழைப்பின் பயன் ஐம்பது பேருக்குப் பங்கிடப்படுவதால் விலையும் குறைகிறது. 1966-ஆம் ஆண்டில் ஓவியர் அறுவர் கூடித் தேசிய நூலகத்தில் மரச்செதுக்குப் படக் கண்காட்சி ஒன்றை நடத்தினர். மீனவர், கூலித்தொழிலாளர், குடிசைப்புறம், ஆற்றங்கரை என எளியோர் வாழ்வையே அக்கலை பெரிதும் பாடுபொருளாக்கிற்று. படத்தில் இருந்தவரும் படத்தை வாங்கத்தக்கவரும் ஒரே வகுப்பினராயினர்.

1971-இல் கட்டடக் கலைஞர் லிம் சொங் கியாட்டும் ஓவியர் கூ சூய் ஹோவும் பிறரும் சேர்ந்து ஆல்ஃபா கலைக்கூடத்தை அலெக்சாண்ட்ரா அவென்யூவில் ஒரு வீட்டில் தொடங்கினர். குவீன்ஸ்டவுனுக்கு அண்மையிலேயே இது நிகழ்ந்தது. வணிகர் நடத்தும் கடையாக அமையாமல், கலைஞர் கூடி நடத்தும் களமாக அது விளங்கியது. அந்தோணி பூன், லத்தீஃப் மொஹிதீன் போன்றோர் படைப்புகள் அங்கு இடம்பெற்றன. எனினும் அடுக்குமாடிவாசிகளில் எத்தனை பேர் அவ்வாயிலைக் கடந்து செல்லத் துணிந்திருப்பர்? கலைக்கூடத்தின் கதவு திறந்திருப்பது வேறு; உள்ளே செல்லும் உரிமை தனக்கும் உண்டு என ஒருவன் உணர்வது வேறு. விலை எழுதப்படாத படத்தின் முன் நின்று விலை கேட்க எளியவன் நாணுகிறான். கேட்டபின் வாங்காமல் திரும்ப அதனினும் நாணுகிறான். பணத்தைக் காட்டிலும் இந்த நாணமே பெரிய தடை எனலாம்.

சோழமண்டலம் காட்டிய நெறி

இதே காலத்தில் தமிழ்நாட்டில் வேறொரு வழி திறக்கப்பட்டது. சென்னை அரசு கலை, கைத்தொழிற் கல்லூரியின் முதல்வராக இருந்த கே. சி. எஸ். பணிக்கர் (1911-1977), தம் மாணாக்கர் கல்லூரியை விட்டு வெளியேறியதும் வயிற்றுப்பாட்டுக்காக ஓவியத்தையே கைவிடுவதைக் கண்டு வருந்தினார். ஓவியம் விலைபோகவில்லையெனில், விலைபோகும் கைவினைப் பொருளைச் செய்து ஓவியத்தைக் காப்பதே அவர் கண்ட வழி. மெழுகுச் சாயத் துணி, தோற்பொருள், உலோக வேலை, மட்பாண்டம் ஆகியவற்றை ஓவியர்களே செய்து விற்றனர். அவ்வருவாயைக் கொண்டு சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்துக் கடற்கரையில் நிலம் வாங்கி, 1966-ஆம் ஆண்டில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவினர். ஜே. சுல்தான் அலி, கே. இராமானுஜம், எஸ். ஜி. வாசுதேவ், எஸ். நந்தகோபால் முதலியோர் அங்கு வாழ்ந்து படைத்தனர்.

இதில் இரு நன்மைகள் விளைந்தன. கைவினை வயிற்றைக் காத்ததால், வாங்குவோர் விருப்பத்திற்காக ஓவியன் தன் நெறியை மாற்றவேண்டிய கட்டாயம் தவிர்ந்தது. ஓவியம் வாங்கும் ஆற்றலற்றவரும் அவ்வோவியன் கைப்பட்ட ஒரு துணியையோ குவளையையோ வாங்க இயன்றது. இன்று துணியை வாங்கியவர் நாளை சிறு வரைபடத்தையும் மறுநாள் ஓவியத்தையும் நாடக்கூடும். சேகரிப்பவர் இவ்வாறே படிப்படியாக உருவாகின்றனர். 2009-ஆம் ஆண்டில் அக்கிராமத்தில் சென்னை ஓவிய இயக்கத்துக்கென அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது.

சிங்கப்பூரிலும் இதனையொத்த வாழ்வு வாழ்ந்தவர் ஒருவர் உண்டு. சிற்பி இங் எங் தெங் (1934-2001) இங்கிலாந்தில் மட்பாண்டக் கலை பயின்று 1966-இல் திரும்பினார். சாடிகளும் கலங்களும் செய்து விற்ற வருவாயே அவருடைய சிற்பங்களைத் தாங்கிற்று. தம் படைப்புகளை அவர் 1997 முதல் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்துக்கு வழங்கினார். அங்குள்ள அவர்தம் தொகுப்பு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படைப்புகளைக் கொண்டது. குவீன்ஸ்டவுன் வட்டாரத்துக்குள் அடங்கிய கெண்ட் ரிட்ஜ் குன்றில் அப்பல்கலைக்கழகத்தின் அருங்காட்சியகம் அமைந்துள்ளது என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

தமிழ் வாசகரின் கண்ணைப் புதிய ஓவியத்துக்குப் பழக்கிய பெருமை சிற்றிதழ்களுக்கும் வார இதழ்களுக்கும் உரியது. ஓவியர் கே. எம். ஆதிமூலம் (1938-2008), கி. ராஜநாராயணனின் கரிசல் காட்டுக் கடுதாசிக்காக ஜூனியர் விகடனில் வரைந்த கோட்டோவியங்களைப் பல்லாயிரவர் கண்டனர். அழகிய முகமே ஓவியம் என எண்ணியிருந்த வாசகர், சில கோடுகளில் ஒரு முதியவரின் வாழ்வு முழுவதும் அடங்குவதைக் கண்டனர். வாங்கும் முன் காணவேண்டும்; காணும் முன் கண் பழகவேண்டும் என்பது இதனால் விளங்கும்.

பிறநாட்டார் பட்டறிவு

கண் பழகாதவிடத்து விலைக்குறைப்பு மட்டும் பயன்தராது என்பதை இங்கிலாந்தின் பள்ளி அச்சுப்படத் திட்டம் மெய்ப்பிக்கிறது. இரண்டாம் உலகப்போர் முடிந்த வேளையில் பிரெண்டா ரான்ஸ்லி என்னும் அம்மையார், போரில் மறைந்த தம் கணவரின் எண்ணத்தை நிறைவேற்றத் துணிந்தார். வாழும் ஓவியர்களிடம் கல்லச்சுப் படங்களை வரையச் செய்து, அவற்றை மலிவான விலையில் பள்ளிகளுக்கு அனுப்பினார். சட்டமிடப் பணமில்லாத பள்ளிக்கும் உதவும் வண்ணம், படத்தைச் சுற்றிச் சட்டம் போன்ற கரையையும் அச்சிலேயே அமைத்தனர். முதல் வரிசைகள் வரவேற்பைப் பெற்றன. ஊக்கமுற்ற அம்மையார் 1947-இல் பிரான்சுக்குப் பறந்து, பிக்காசோ, மத்தீஸ், பிராக் முதலிய பேரோவியர்களின் இசைவையும் பெற்றார். அப்படங்கள் வெளிவந்தபோது பள்ளிகள் பல அவற்றை வாங்க முன்வரவில்லை. அவை மிகப் புதியனவாக, விளங்காதனவாகத் தோன்றின. உலகின் தலைசிறந்த ஓவியர் படைப்பு, குறைந்த விலையில், வாயிலுக்கே வந்தும் கொள்வாரில்லை. திட்டம் பொருளிழப்பில் தடுமாறியது. படத்தை அனுப்பியவர்கள், அப்படத்தின் முன் நின்று விளக்கும் ஒருவரை உடன் அனுப்பவில்லை. திருப்பரங்குன்றத்து மண்டபத்தில் இருந்ததும் இங்கு இல்லாததும் அதுவே.

இதன் மறுபக்கத்தை நியூயார்க் நகரத்து இணையர் இருவர் காட்டினர். ஹெர்பர்ட் வோகல் அஞ்சல் நிலையத்தில் கடிதம் பிரிக்கும் ஊழியர். அவர் மனைவி டாரதி நூலகர். 1962-இல் மணம் புரிந்த இவர்கள், மனைவியின் ஊதியத்தில் வாழ்க்கையும் கணவரின் ஊதியத்தில் கலையும் என வகுத்துக் கொண்டனர். தம் வருவாய்க்குள் அடங்கவேண்டும், தம் சிறு வீட்டுக்குள் அடங்கவேண்டும் என்பவையே அவர்கள் விதிகள். பெயர் பெறாத இளம் ஓவியர்களின் பணிக்கூடங்களுக்கு நேரே சென்று, உரையாடி, வாங்கினர். நான்காயிரத்துக்கும் மேற்பட்ட படைப்புகள் அவ்வீட்டில் சேர்ந்தன. விற்றிருந்தால் பெருஞ்செல்வராகியிருப்பர், அவர்களோ 1992-இல் வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்துக்குத் தம் தொகுப்பை வழங்க இசைந்தனர். 2008-இல் அமெரிக்காவின் ஐம்பது மாநிலங்களுக்கும் தலா ஐம்பது படைப்புகள் வழங்கும் திட்டமும் அறிவிக்கப்பட்டது. கலை சேகரித்தல் செல்வர்க்கே உரியது என்னும் எண்ணத்தை ஓர் அஞ்சல் ஊழியரின் ஊதியம் தகர்த்தது.

கைக்கெட்டும் சந்தை

விலையையும் நாணத்தையும் ஒருங்கே நீக்க முற்பட்டவர் இங்கிலாந்தின் வில் ராம்சே. 1999-இல் இலண்டன் பேட்டர்ஸி பூங்காவில் அவர் தொடங்கிய அஃபோர்டபிள் ஆர்ட் ஃபேர், கைக்கெட்டும் கலைச் சந்தை எனத் தமிழில் பொருள்படும். வாழும் கலைஞரின் மூலப்படைப்புகள், ஓர் உச்ச விலைக்கு உட்பட்டவை, ஒவ்வொன்றின் அருகிலும் விலைச்சீட்டு என்பவை அதன் அடிப்படைகள். கறிகாய்ச் சந்தையில் விலை பார்ப்பது போல் கலைச் சந்தையிலும் யாரையும் கேளாமல் விலை பார்க்கலாம் என்பதே அதன் புதுமை. 2010-ஆம் ஆண்டு நவம்பரில் அச்சந்தை சிங்கப்பூருக்கும் வந்தது. அவ்வாண்டில் உச்ச விலை 10,000 வெள்ளி. எளிய குடும்பத்துக்கு அது பெருந்தொகையே என்பதில் ஐயமில்லை. எனினும் சில நூறு வெள்ளிக்குச் சிறு படங்களும் அச்சுப்படிகளும் அங்குக் கிடைத்தன. கலைக்கூட வாசலைக் கண்டு தயங்கியவர்கள் குழந்தைகளோடு கூட்டமாகச் சென்றனர்.

ஆயினும் சந்தைக்கும் ஓர் எல்லை உண்டு. இடவாடகையும் கலைக்கூடத்தின் பங்கும் விலையில் சேர்கின்றன. கலைக்கூடங்கள் பல விற்பனைத் தொகையில் ஏறத்தாழப் பாதியைத் தம் பங்காகப் பெறுகின்றன. கண்காட்சிக்கும் விளம்பரத்துக்கும் அவை செலவிடுவதால் அதனை முற்றிலும் குறைகூறல் இயலாது. எனினும் இளம் ஓவியன் கைக்குச் செல்வது எவ்வளவு என்பதை வாங்குவோர் அறிந்திருத்தல் நன்று.

இடைநிற்போர் இன்றி ஓவியனையே காணும் வாய்ப்பு குவீன்ஸ்டவுனிலேயே உருவாயிற்று. போர்ட்ஸ்டவுன் சாலையை அடுத்த வெஸ்ஸக்ஸ் குடியிருப்பு, பிரிட்டிஷ் படைவீரர்களுக்காகக் கட்டப்பட்டது. வெண்சுவரும் கருஞ்சட்டமும் உடைய அச்சிறு கட்டடங்கள் சில, பிரிட்டிஷார் போரிட்ட களங்களின் பெயரைத் தாங்கியவை. படைவீரர் அகன்றபின், காலப்போக்கில் ஓவியரும் சிற்பியரும் அங்குக் குடியேறிப் பணிக்கூடங்கள் அமைத்தனர். குறித்த நாள்களில் அவர்கள் தம் கதவுகளைப் பொதுமக்களுக்குத் திறந்து வைப்பதும் வழக்கமாயிற்று. வண்ணம் காயாத திரைச்சீலையருகே நின்று, இது யாது, இந்நீலம் ஏன் எனப் பார்ப்பவர் கேட்க, வரைந்தவரே விடை கூறினார். போர்க்களப் பெயர் தாங்கிய கட்டடத்தில் பரிபாடல் காட்டும் மண்டபக் காட்சி மீண்டும் நிகழ்ந்தது எனலாம்.

சிராங்கூன் சாலைக்கு வரும் தமிழர்க்கும் இவ்வாய்ப்பு தொலைவில் இல்லை. 1984-இல் சகோதரர் ஜோசப் மெக்நாலி தொடங்கிய லாசால் கலைக் கல்லூரி 2007 முதல் லிட்டில் இந்தியாவுக்கு அண்மையிலேயே இயங்குகிறது. நன்யாங் நுண்கலைக் கழகமும் பென்கூலன் தெருவில் நடைதொலைவில் உள்ளது. படிப்பு முடிக்கும் மாணாக்கரின் இறுதிக் கண்காட்சிகள் இத்தகைய கல்லூரிகளில் நடைபெறுவது வழக்கம். ஒரு கலைஞனை அவன் தொடக்கத்திலேயே காணும் இடம் அதுவே. 2014 முதல் லாசால் கல்லூரி சுற்றுலாக் கழகத்தோடு இணைந்து லிட்டில் இந்தியாவின் சுவர்களில் ஓவியங்கள் தீட்டச் செய்தது. மலர்மாலை வாங்கச் செல்பவரும் நின்று பார்க்கும் அச்சுவரோவியங்கள் பொதுவுடைமையாகும்.

விலை, வழி, விழி

இவ்வரலாற்றைத் தொகுத்து நோக்கின், மூலப்படம் எளியவர் இல்லத்தை அடைய மூன்று தேவை என்பது புலனாகும். விலை அடங்கவேண்டும், மரச்செதுக்கும் கல்லச்சும் சிறு வரைபடமும் அதற்கு வழிகோலின. வழி திறக்கவேண்டும்; விலைச்சீட்டும் திறந்த பணிக்கூடமும் அதனைச் செய்தன. மூன்றாவதாக விழி திறக்கவேண்டும். முதலிரண்டும் அமைந்தும் மூன்றாவது இல்லாமையால் பிக்காசோவின் படம் பள்ளி வாயிலில் நின்று திரும்பிற்று. மூன்றாவது அமைந்ததால் ஓர் அஞ்சல் ஊழியரின் வீடு கலைக்கூடமாயிற்று.

இளம் ஓவியரின் படத்தை வாங்கினால் அதன் விலை பன்மடங்கு உயரும் எனக் கூறி விற்போரும் உளர். அறிமுகமாகாத ஓவியர் பலரின் படங்கள் அவ்வாறு உயர்வதில்லை என்பதே உண்மை. ஆதாயம் கருதி வாங்குபவன் ஏமாறக்கூடும். நாள்தோறும் கண்டு மகிழ வாங்குபவன் ஏமாறுவதில்லை. அவன் கொடுத்த தொகை ஓர் இளைஞனின் அடுத்த திரைச்சீலைக்கும் வண்ணத்துக்கும் ஆகிறது. முதல் படம் விற்ற நாளே பல ஓவியர்களைத் தொழிலில் நிலைநிறுத்திய நாள். அது விற்காமையாலேயே தூரிகையைத் தூக்கி வைத்தவரின் பெயர்களை வரலாறு அறியாது.

விழி திறக்கும் பணி பெரிதும் வகுப்பறைக்கு உரியது. பரிபாடலின் பத்தொன்பதாம் பாடலைப் பொருள்கூறிச் செல்லும் ஆசிரியர், அம்மண்டபத்தில் விடை கூறியவரின் இடத்தில் தாமே நிற்கிறார். மாணாக்கரை ஒருநாள் கெண்ட் ரிட்ஜ் அருங்காட்சியகத்துக்கோ, லாசால் கல்லூரியின் இறுதியாண்டுக் கண்காட்சிக்கோ அழைத்துச் சென்று, ஒரே ஒரு படத்தின் முன் அரைமணி நேரம் நிற்கச் செய்து, கேட்கவும் சொல்லவும் பழக்கினால் போதும். அவர்களுள் ஒருவர் பிற்காலத்தில் தம் முதல் ஊதியத்தில் ஒரு சிறு அச்சுப்படியை வாங்கி வீட்டில் மாட்டக்கூடும்.

குவீன்ஸ்டவுனில் சுவர் கிடைத்து அறுபது ஆண்டுகள் கடந்துவிட்டன. 99 ஆண்டு உரிமையில் பாதிக்குமேல் கழிந்தது. தெய்வப் படத்துக்கும் குடும்பப் படத்துக்கும் அருகே அந்த நான்காம் இடம் பல வீடுகளில் இன்றும் காத்திருக்கிறது.